லாரி கன்னிங்ஹாம் மாட்ரிட்டில் வீணாய்ப் போனாரா?

கேள்வி இதுதான்: "1979இல் ரியல் மாட்ரிட் அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய இங்கிலாந்து விங்கர் (பக்கக்கோட்டை ஒட்டி ஆடும் முன்கள வீரர்) லாரி கன்னிங்ஹாம், டான்ஸ், பார்ட்டி என்று ஆட்டத்தைக் கோட்டை விட்டவர் என்று படித்தேன். அது உண்மையா? உண்மையானால் இன்றும் அவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?"

உண்மை இல்லை. ஒரு ராத்திரி நடந்த ஒரு விஷயத்தை வைத்து பத்து வருஷ ஆட்டத்துக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அவர் ஆட்டத்தை முடக்கியவை இரண்டு: காலில் பட்ட காயங்கள், அப்புறம் அந்தக் கால ஸ்பெயினில் இருந்த வெளிநாட்டு வீரர் விதி. இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன். ஆனால் மாட்ரிட் போவதற்கு முன்னால் அவர் யாராக இருந்தார் என்று தெரியாமல் அங்கே எதை இழந்தார் என்று புரியாது.

1956 மார்ச் 8ஆம் தேதி வடக்கு லண்டனில் பிறந்தவர். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அப்பா அங்கே குதிரைப் பந்தய ஜாக்கியாக இருந்தவர். பள்ளி வயதில் ஆர்சனலில் இருந்தார், அவர்கள் அனுப்பிவிட்டார்கள். ஓரியன்ட் என்ற சின்ன கிளப் 1974இல் எடுத்துக்கொண்டது. அதன் மேனேஜர் ஜார்ஜ் பெட்சிக்கு இந்த விஷயத்தில் பெரிய பங்கு உண்டு. பையன் பயிற்சிக்கு அடிக்கடி தாமதமாக வருவான், அபராதம் விழும், நடனப் போட்டியில் ஜெயித்த பணத்தில் அபராதத்தைக் கட்டுவான். பெட்சி அவனை விரட்டவில்லை, ஆட வைத்தார். பந்தோடு கன்னிங்ஹாம் ஓடுவதைப் பார்த்தால் அந்த நடனம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும்: நிமிர்ந்த உடம்பு, குதிகால் தரையில் படுகிறதா என்றே சந்தேகம் வரும் நடை, டிஃபென்டர் எந்தக் காலில் எடையை வைக்கிறானோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒரு அசைவு. பின்னாலிருந்து காலை வாரும் டேக்கிளுக்கு நடுவர்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்ட காலம் அது. சேறான மைதானங்கள் வேறு. அதில் இப்படி ஆடினார்.

1977இல் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அவரை வாங்கியது. அதே ஏப்ரலில் ஷெஃபீல்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடி, அந்த அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். அந்த ஆட்டத்தின் ஒரே கோலும் அவருடையது. ஆல்பியனில் சிரில் ரீஜிஸும் பிரெண்டன் பேட்சனும் சேர்ந்தார்கள். இங்கிலாந்தின் உச்ச லீகான முதல் டிவிஷனில் ஒரே அணியில் மூன்று கறுப்பின வீரர்கள் தொடர்ந்து இடம்பிடித்தது அன்றைக்குப் பெரிய செய்தி. மேனேஜர் ரான் அட்கின்சன் அவர்களுக்கு ஒரு அமெரிக்கப் பாடகிகள் குழுவின் பெயரையே வைத்து, 'த்ரீ டிகிரீஸ்' என்று பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். கேட்க வேடிக்கையாக இருக்கும். மைதானத்தில் அவர்கள் அனுபவித்தது வேடிக்கை இல்லை. குரங்குச் சத்தம் போட்டார்கள், வாழைப்பழம் எறிந்தார்கள், மைதானத்துக்கு வெளியே நிறவெறிக் கட்சிக்காரர்கள் துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். பிற்பாடு ரீஜிஸ் இங்கிலாந்து அணிக்குத் தேர்வானபோது அவருக்குத் தபாலில் ஒரு துப்பாக்கித் தோட்டா வந்தது. இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் கன்னிங்ஹாம் ஒவ்வொரு வாரமும் பக்கக்கோட்டை ஒட்டி, அதாவது கூட்டத்துக்கு மிக நெருக்கமான இடத்தில், விளையாடினார். நடுக்கள வீரருக்கு அந்தத் தூரமாவது மிச்சம். விங்கருக்கு அதுவும் கிடையாது.

1978 டிசம்பர் 30. ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட் 3, வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் 5. அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவு கிடைக்கிறது. கன்னிங்ஹாமின் காலில் பந்து வரும்போதெல்லாம் கூட்டம் ஊளையிடுவதும் கேட்கும், வர்ணனையாளர் அதை வெளிப்படையாகக் குறிப்பிடுவதும் கேட்கும். பதிலுக்கு அவர் செய்தது நீண்ட ஓட்டங்களும், ஒரு கோலும். இதற்கு ஒரு மாதம் முன்னால் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஇஎஃப்ஏ கோப்பையில் ஸ்பெயினின் வாலென்சியா மைதானத்தில் 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் ஆல்பியனின் கோலை அடித்தவரும் அவர்தான். அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்து வந்திருந்த மாரியோ கெம்பஸ் எதிரணியில் இருந்தார். ஆனால் அன்று ஸ்பெயின்காரர்கள் பேசியது இந்த விங்கரைப் பற்றி. ரியல் மாட்ரிட்டின் கண்ணில் அவர் விழுந்தது இப்படித்தான்.

1979 கோடையில் சுமார் 9.5 லட்சம் பவுண்டுக்கு மாட்ரிட் போனார். ரியல் மாட்ரிட் விலை கொடுத்து வாங்கிய முதல் பிரிட்டிஷ் வீரர். வயது 23. சில மாதம் முன்புதான் இங்கிலாந்தில் முதல் பத்து லட்சம் பவுண்டு பேரமே நடந்திருந்தது என்பதை வைத்து இந்தத் தொகையின் கனத்தைப் புரிந்துகொள்ளலாம்.

சரி, மாட்ரிட்டில் என்ன ஆனது?

முதல் சீசன் அற்புதமாகப் போனது. இதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறவர்களைத்தான் நான் குறை சொல்வேன். லீகின் முதல் ஆட்டத்திலேயே வாலென்சியாவுக்கு எதிராக இரண்டு கோல். பயிற்சியாளர் வுயாடின் போஷ்கோவ். முன்னால் சாண்டில்லானா, ஹுவானிட்டோ. நடுவில் டெல் போஸ்கே, ஷ்டீலிக்கே. இப்படிப்பட்ட அணியில், மொழி தெரியாத ஊரில், வந்ததும் 11ஆம் எண் சட்டையைத் தனதாக்கிக்கொண்டார். அந்த வருஷ லீகில் ரியல் சொசியடாட் கடைசிக்கு முந்தைய ஆட்டம் வரை தோற்கவே இல்லை. அங்கே செவியாவிடம் சறுக்கினார்கள். ரியல் மாட்ரிட் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டத்தை எடுத்தது. ஒரு புள்ளியில் முடிந்த லீகில், இடது பக்கத்தில் நிரந்தரமாக ஆடிய விங்கரின் பங்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். கூடவே ஸ்பெயின் கோப்பையும் வந்தது. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது தங்கள் சொந்த ரிசர்வ் அணியான காஸ்டில்லா. இப்படி ஒரு இறுதி ஆட்டம் ஸ்பெயினில் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. 6-1 என்று பெரியவர்கள் ஜெயித்தார்கள்.

அந்த சீசனில் ஒரு நாளைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். 1980 பிப்ரவரி 10, பார்சிலோனாவின் மைதானம் காம்ப் நோ. ரியல் மாட்ரிட் 2-0 என்று ஜெயித்தது. அன்று கன்னிங்ஹாம் இடது, வலது என்று இரண்டு பக்கமும் ஓடி, எதிரே நின்ற ஒவ்வொருவரையும் தாண்டினார். ஆட்டம் முடியும் நேரத்தில் பார்சிலோனா ரசிகர்களே அவருக்குக் கைதட்டினார்கள். இந்த இரண்டு கிளப்புக்கும் இடையே இருக்கும் பகை வெறும் விளையாட்டுப் பகை இல்லை. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ செத்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை; மாட்ரிட்டின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாலே பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாவில் பலருக்குப் பழைய ஆட்சி ஞாபகம் வரும். அந்தச் சட்டையைப் போட்டவனுக்கு அந்த மைதானத்தில் கைதட்டல். 2005இல் மாட்ரிட்டின் மைதானமான பெர்னபாவுவில் பார்சிலோனாவின் ரொனால்டினோவுக்கு மாட்ரிட் ரசிகர்கள் எழுந்து நின்றதை இன்றுவரை பேசுகிறோம். அதற்கு 25 வருஷம் முன்னால், எதிர்த்திசையில், கன்னிங்ஹாமுக்கு நடந்தது இது.

அவருடைய கார்னர் கிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மாட்ரிட்காரர்கள் இன்றும் முதலில் சொல்வது அதைத்தான். கார்னரை எல்லாரும் பாதத்தின் உள்பக்கத்தால் அடிப்பார்கள். இவர் வலது காலின் வெளிப்பக்கத்தால் அடிப்பார். உள்பக்கத்தால் அடித்தால் பந்து ஒரு பக்கம் வளையும், வெளிப்பக்கத்தால் அடித்தால் அதற்கு நேரெதிராக வளையும். வலது காலை வைத்துக்கொண்டே இடது கால்காரரின் வளைவைக் கொண்டுவருவார். உடம்பின் திசையைப் பார்த்து பந்து எப்படி வரும் என்று கணக்குப் போடும் கோல்கீப்பருக்கு அந்தக் கணக்கு தப்பும். மட்டுமல்ல, ஓடிவந்து அடிக்கும் தூரம் அவருக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சாண்டில்லானா போல அதிக உயரமில்லாமல், ஆனால் தலையால் அடிப்பதில் மன்னனாக இருந்த ஒரு ஸ்டிரைக்கருக்கு இப்படிப்பட்ட பந்துகள் கிடைத்தது இரண்டு பேருக்கும் நல்லதாகப் போனது.

இன்றைய சாம்பியன்ஸ் லீகின் பழைய வடிவமான ஐரோப்பியக் கோப்பையில் அந்த வருஷம் அரையிறுதி வரை போனார்கள். காலிறுதியில் செல்டிக்கிடம் கிளாஸ்கோவில் 0-2 என்று தோற்று, சொந்த மைதானத்தில் 3-0 என்று திருப்பினார்கள். அரையிறுதியில் ஹாம்பர்க்கை 2-0 என்று அடித்துவிட்டு ஜெர்மனி போய் 5-1 என்று சிதறினார்கள். அந்த ஒரு கோல் கன்னிங்ஹாமுடையது. அவர் அடித்த நேரத்தில் மொத்தக் கணக்கில் மாட்ரிட்தான் முன்னால் இருந்தது. இறுதி ஆட்டம் அந்த வருஷம் பெர்னபாவுவிலேயே நடந்தது. சொந்த வீட்டில் நடந்த கல்யாணத்தை வாசலில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று.

அப்புறம் 1980 நவம்பர். ரியல் பெடிஸுக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணி டிஃபென்டர் காலை மிதித்ததில் கால்விரல் உடைந்தது. அறுவை சிகிச்சை. மருத்துவமனையை விட்டு வந்த அன்று ராத்திரியே மாவுக்கட்டோடு ஒரு டிஸ்கோவில் அவரைப் பார்த்துவிட்டார்கள். பத்திரிகையில் வந்தது, கிளப் பெரிய அபராதம் போட்டது. கேள்வியில் இருக்கும் 'டான்ஸ், பார்ட்டி' என்ற பெயர் பிறந்தது இந்த ஒரு ராத்திரியில்தான்.

அவர் போனது சரி என்று நான் சொல்லவில்லை. கிளப்புக்குக் கோபம் வந்ததில் நியாயம் உண்டு. ஆனால் டிஸ்கோவுக்குப் போனதால் விரல் உடையவில்லை. மைதானத்தில் மிதிபட்டு உடைந்தது. கால்விரல் என்றால் சின்ன விஷயம் மாதிரி தோன்றும். நின்ற இடத்திலிருந்து வேகம் எடுக்கும்போதும், திசை மாறும்போதும் உடம்பின் மொத்த பாரமும் பாதத்தின் முன்பகுதியில்தான் விழும். நடுவில் தடுத்தாடும் சென்டர் பேக் ஒருவர் ஐந்து சதவீதம் வேகம் குறைந்தாலும் அனுபவத்தை வைத்துச் சமாளிக்கலாம். முதல் இரண்டு அடியில் எதிராளியைத் தாண்டுவதையே தொழிலாக வைத்திருக்கும் விங்கருக்கு அந்த ஐந்து சதவீதம்தான் எல்லாமே. இன்றைக்கு இருக்கும் ஸ்கேன் வசதியும், நாள் கணக்கில் படிப்படியாகப் பாரம் ஏற்றும் மறுவாழ்வுப் பயிற்சியும் அன்றைக்கு இல்லை.

மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தவரை 1981 மே 27 அன்று பாரிஸில், ஐரோப்பியக் கோப்பை இறுதியில், லிவர்பூலுக்கு எதிராக முதல் பதினொன்றில் இறக்கினார் போஷ்கோவ். முழு ஆட்டமும் ஆடினார். ஆனால் பழைய கன்னிங்ஹாம் அங்கே இல்லை. ஆலன் கென்னடி கடைசிப் பத்து நிமிஷத்தில் அடித்த கோலில் லிவர்பூல் ஜெயித்தது. கிளப்புக்கு ஆகாத வீரராக இருந்திருந்தால், முழு உடல்தகுதி இல்லாத நிலையில் அவரை இறுதி ஆட்டத்தில் இறக்கியிருப்பார்களா? அரைகுறையாக ஆறிய காலோடுகூட அவர் தேவைப்பட்டார். அந்த அவசரம் அவர் காலுக்கு நல்லது செய்திருக்காது என்பது என் அபிப்பிராயம். அடுத்த சீசனில் மறுபடி காயம், லீகில் எண்ணிச் சில ஆட்டங்கள்தான்.

இப்போது இரண்டாவது காரணம். அதிகம் பேசப்படாதது இது. ஸ்பெயின் 1973இல்தான் வெளிநாட்டு வீரர்களுக்கு மறுபடி கதவைத் திறந்தது. கிளப் ஒன்றுக்கு இரண்டே பேர். 1979இல் மாட்ரிட்டுக்கு அந்த இருவர் ஷ்டீலிக்கே, கன்னிங்ஹாம். 1982இல் நெதர்லாந்திலிருந்து ஜான் மெட்கோடை வாங்கினார்கள். இப்போது மூன்று பேர், இடம் இரண்டு. காயத்திலிருந்து மீண்டு வந்துகொண்டிருந்தவருக்குத்தான் இடம் போனது. வெறும் திறமைப் போட்டியில் தோற்றிருந்தால் பெஞ்சில் உட்கார்ந்து, யாராவது சரியில்லாதபோது உள்ளே வந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மைப் பிடித்திருக்கலாம். விதி அந்த வழியையே அடைத்துவிட்டது. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் பாஸ்மன் தீர்ப்பு வந்த பிறகு ஐரோப்பிய ஒன்றிய நாட்டவருக்கு இந்தக் கட்டுப்பாடே போய்விட்டது. பத்துப் பதினைந்து வருஷம் தள்ளிப் பிறந்திருந்தால் கன்னிங்ஹாமுக்கு மாட்ரிட்டில் இன்னும் இரண்டு வருஷமாவது கிடைத்திருக்கும்.

லீக் கணக்கில் மாட்ரிட்டுக்காக 44 ஆட்டம், 13 கோல். மொத்தத்தில் பெரும்பகுதி முதல் சீசனில் வந்தது.

'பொறுப்பில்லாதவர்' என்பதற்கு எதிராக நான் முன்வைக்கும் பெரிய சாட்சி 1983. மாட்ரிட் அவரைச் சில வாரங்களுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கடனாக அனுப்பியது. அங்கே மேனேஜர் பழைய அட்கின்சன். இங்கிலாந்து கிளப்புகளின் எஃப்.ஏ. கோப்பை இறுதி வருகிறது, லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில். யுனைடெட்டின் விங்கர் ஸ்டீவ் காப்பெலுக்குக் காயம். வெம்ப்ளியில் ஆடும் வாய்ப்பைக் கன்னிங்ஹாமுக்குக் கொடுக்க அட்கின்சன் தயாராக இருந்தார். கன்னிங்ஹாம்தான் தன் உடம்பு முழுசாகத் தயாராக இல்லை, அணியைக் கைவிட்டதாக ஆகிவிடும் என்று விலகிக்கொண்டார். ஆலன் டேவிஸ் என்ற இளம் வீரர் இறங்கினார், யுனைடெட் மறு ஆட்டத்தில் பிரைட்டனை 4-0 என்று அடித்துக் கோப்பையை எடுத்தது. தன்னைப் பற்றி மட்டும் நினைக்கிற ஆள் வெம்ப்ளி இறுதியை விட்டுக்கொடுக்க மாட்டார்.

இங்கிலாந்து தேசிய அணி விஷயம் எனக்கு இன்னும் எரிச்சலைத் தருவது. 1978 நவம்பரில் விவ் ஆண்டர்சன் இங்கிலாந்தின் மூத்தோர் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். அடுத்த மே மாதம் வேல்ஸுக்கு எதிராகக் கன்னிங்ஹாம். ஆனால் மொத்தமே ஆறு ஆட்டம்தான் கொடுத்தார்கள். ஸ்பெயினில் லீகும் கோப்பையும் ஜெயித்த அதே 1980 கோடையில், இத்தாலியில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்குப் போன இங்கிலாந்து அணியில் அவர் பெயர் இல்லை. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஆடுகிறவரை மறந்துவிடும் வழக்கம் அன்றைய இங்கிலாந்துத் தேர்வில் இருந்தது. இங்கிலாந்தின் நட்சத்திரம் கெவின் கீகன் ஜெர்மனியில் ஆடியும் இடம் பெற்றார் என்று சொல்வீர்கள். அவர் போகும்போதே அணியில் ஊன்றிவிட்டவர். கன்னிங்ஹாமுக்கு ஊன்ற நேரம் கொடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போனார். ஸ்போர்ட்டிங் கிஹான், மார்செய், லெஸ்டர், மாட்ரிட்டின் தொழிலாளர் பகுதிக் கிளப்பான ராயோ வல்லெகானோ, பெல்ஜியத்தின் சார்லெராய். பட்டியலைப் பார்த்தால் தேய்ந்துபோன கதை மாதிரி இருக்கும். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். உடைந்த காலோடு நான்கு நாடுகளில், ஒவ்வொரு இடத்திலும் புதுப் பயிற்சியாளர், புது ஆட்டமுறை என்று தன்னை மாற்றிக்கொண்டு சம்பளத்துக்கு ஆடிய தொழில்முறை வீரர் அவர். வேகம் குறைந்த பிறகு பாஸ்களை நம்பி ஆடக் கற்றுக்கொண்டார். 1988இல் விம்பிள்டனில் இருந்தார். பந்தை உயரத் தூக்கி அடித்து முட்டி மோதும் ஆட்டத்துக்குப் பேர்போன அணி, இவருடைய பாணிக்கு நேரெதிர். அங்கேயும் பொருந்தினார். மே 14 அன்று எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மாற்று வீரராக இறங்கினார். விம்பிள்டன் 1, லிவர்பூல் 0. ஏழு வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் அவரைத் தோற்கடித்த அதே கிளப்.

பிறகு மறுபடி ராயோ வல்லெகானோ. 1988-89 சீசனில் அந்த அணி முதல் டிவிஷனுக்கு ஏறியது. அதை உறுதி செய்த கோல் கன்னிங்ஹாமுடையது. சில வாரங்களில், 1989 ஜூலை 15 அதிகாலை, மாட்ரிட் நகருக்கு வெளியே கார் விபத்தில் இறந்துபோனார். வயது 33.

ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள் என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தில் கொண்டாடுவதும் ஸ்பெயினில் கொண்டாடுவதும் ஒன்றல்ல. 2017இல் லண்டனின் லெய்டனில் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2019இல் வெஸ்ட் பிராம்விச்சில் அவர், ரீஜிஸ், பேட்சன் மூன்று பேரையும் சேர்த்து ஒரு சிலை. அது, ஊளைக்கு நடுவில் ஆடி அடுத்த தலைமுறைக் கறுப்பினப் பையன்களுக்கு இடம் திறந்துவிட்டதற்கான மரியாதை. ஸ்பெயினில் அந்த வரலாறு அவ்வளவாகத் தெரியாது. அங்கே ஞாபகம் வைத்திருப்பது காம்ப் நோவையும் கார்னரையும். விளையாட்டு வீரர் ஒருவருக்கு ஆட்டத்துக்காக மட்டுமே கிடைக்கும் மரியாதை அது.

மாட்ரிட்டில் ஆடிய மற்ற இங்கிலாந்துக்காரர்களோடு ஒப்பிட்டால்? கோப்பைகளை எண்ணினால் இரண்டு சாம்பியன்ஸ் லீகும் இரண்டு லீகும் ஜெயித்த ஸ்டீவ் மெக்மனமன் வெகு தூரம் மேலே. பெக்காம் நான்கு வருஷம் இருந்து கடைசியில் ஒரு லீக் எடுத்தார். முதல் சீசனை மட்டும் தனியாக வைத்துப் பார்த்தால், 2023-24இல் லீகில் 19 கோல் அடித்து லீகையும் சாம்பியன்ஸ் லீகையும் எடுத்த ஜூட் பெல்லிங்ஹாம் வரும்வரை, 44 வருஷம், கன்னிங்ஹாமின் முதல் சீசனுக்கு மேலே எந்த இங்கிலாந்துக்காரருடைய சீசனையும் நான் வைக்க மாட்டேன்.